தாய்க்குக் கடைசி மகன்

பெரம்பலூர்
12.11.2022

தமிழ்மாறனுக்கு,

அம்மா நச்சரித்ததால் எழுதுகிறேன். உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று அப்பாவின் சுடுகாட்டில் சொன்னேன். இன்றுவரை பேசவில்லை. எழுதுவது பேச்சில் சேராது.

என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துகிறதாம். உன் அரிவாள் செல் நோயில் பாதி என் ரத்தத்திலும் இருப்பதால் டாக்டர்கள் ரொம்ப யோசித்தார்கள். கடைசியில் சரி என்றுவிட்டார்கள். கொடுக்கிறேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. விடைத்தாள் திருத்தப் போன சென்னையிலிருந்து அலறியடித்து, ஊருக்குப் பக்கத்தில் தொழுதூர் வரை வந்துவிட்டேன். அதற்குள் நீ கொள்ளி வைத்துவிட்டாய். தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன். இந்த முறைகூட உனக்குத் தெரியாதா?

அன்பழகன்

உடையார்பாளையம்
20.11.2022

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சுமதி வாசித்துக் காட்டிவிட்டு அழுதாள். நான் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை உங்களுக்காகக் காத்திருந்தோம் அண்ணே. "இருட்டிடுச்சுன்னா எடுக்க முடியாதுடா, நீயே வைய்யி" என்று பங்காளிகள் விரட்டினார்கள். தலையில் ஊற்றிய பச்சைத் தண்ணீர், உடம்பில் ஈரவேட்டி. குளிர் பட்டால் என் ரத்த அணுக்கள் வளைந்து அடைத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அரைகுறையாக ஓடிய சிறுநீரகம் அதற்குப் பிறகு எழவே இல்லை.

நேற்று போனில் அம்மா, "சின்னவனுக்கு ரத்தத்துல அரிவா, பெரியவனுக்கு நாக்குல அரிவா. நான் எதைப் புடுங்குறது?" என்று சிரித்தது.

உங்கள் தம்பி,
தமிழ்மாறன்

பெரம்பலூர்
08.06.2023

தமிழ்மாறனுக்கு,

ஆபரேஷன் முடிந்து இத்தனை நாளாகியும் வெட்டிய இடத்தைத் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. மரத்துப் போயிருக்கிறது. கல்லூரியில் ஆளாளுக்கு வந்து தியாகி என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாயா? முந்திரிக் கடையில் உட்கார்ந்து பேச்சு வளர்த்துக்கொண்டு குடிக்க மறந்துவிடாதே. அது என் உடம்பில் இருந்தது. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எனக்கு வந்தாக வேண்டும்.

அன்பழகன்

உடையார்பாளையம்
17.12.2023

அன்புள்ள அண்ணே,

இந்த மாத ரிசல்ட் இணைத்திருக்கிறேன். கிரியாட்டினின் ஒன்று புள்ளி மூன்று. நல்லபடியாக இருக்கிறதாம். ஆனால் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: மற்றவர்களுக்கு உழைப்பதுபோல் இந்த நோய்க்காரர்களுக்குச் சிறுநீரகம் உழைப்பதில்லை, என் ரத்தம் புதியதையும் அடைக்கலாம். ஆனாலும் டயாலிசிஸோடு கிடப்பதைவிட இதில்தான் ஆயுள் கூடுதல். அதனால் ரத்தம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குளிர் ஆகாது, கூட்டம் ஆகாது.

அம்மா சாப்பிடுவதில்லை என்கிறார்களே அண்ணி. ஏதாவது ஒன்று என்றால் உடனே சொல்லிவிடுங்கள் அண்ணே. அதற்காவது நான் முறையாக நிற்க வேண்டும். இது ஒன்றுதான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
தமிழ்மாறன்

பெரம்பலூர்
13.01.2024

தமிழ்மாறனுக்கு,

அம்மா வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டது. வேப்பந்தட்டையில் அப்பா பக்கத்திலேயே எரித்தோம். கொள்ளி நான் வைத்தேன்.

உனக்கு யாரும் போன் போடக்கூடாது என்று நான்தான் சொன்னேன். மார்கழிப் பனி. சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாய். உன்னை வரவழைத்தால் வெந்நீர் காயவைக்கலாமா என்று கேட்டேன். "சுடுகாட்டுல வெந்நீரா, ஊரு சிரிக்கும்" என்று பங்காளிகள் எகிறிவிட்டார்கள். குடத்தை என் தலையில் ஊற்றிக்கொண்டேன். குளிர்கூடத் தெரியவில்லை. அழவும் இல்லை.

பழிக்குப் பழி என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும்.

அஸ்தியில் பாதியை வைத்திருக்கிறேன். பங்குனியில் வெயில் ஏறட்டும். திருமானூருக்கு வா, கொள்ளிடத்தில் நீயே கரை. கரையில் வெந்நீர் நான் வைத்துத் தருகிறேன்.

உன் அண்ணன்,
அன்பழகன்

உடையார்பாளையம்
02.02.2024

திரு. அன்பழகன் அவர்களுக்கு,

ரிசல்ட் இணைத்திருக்கிறேன். ஒன்று புள்ளி இரண்டு. முன்பைவிட நன்றாக இருக்கிறது.

வாசல்வரை வந்து காரிலாவது உட்கார்ந்திருப்பேன். முகத்தையாவது பார்த்திருப்பேன். அப்பாவுக்கு நாங்கள் உங்களுக்காகக் காத்திருந்தோம்.

அஸ்தியை நீங்களே கரைத்துவிடுங்கள்.

இனி நான் எழுதமாட்டேன். ரிசல்ட் மட்டும் மாதாமாதம் வரும். அது உங்களுடையது.

தமிழ்மாறன்