முகாமுக்குள் முதலை

அக்கா,

ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன், உன் மேல் சத்தியமாக. நான், அதாவது உன் தம்பி, அரைமணி நேரமாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். சுகாதார நிலையத்தில், பச்சைத் திரைக்கு வெளியே, லேபிள் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். உள்ளே உன் மகள். திரையைத் தாண்டி வினிகர் வாசம் வருகிறது.

ஒரு சாண் எரிந்து அணைகிற புஸ்வாணத்துக்கு 'அண்டசராசர ஜோதி' என்று பேர் வைத்து, லேபிள் அச்சடித்துப் பிழைக்கிறவன் நான். முகாம் நடந்த அன்றும் லேபிள் கட்டோடுதான், ஆமத்தூர்ப் பக்கம் நீ வேலை பார்த்த பட்டாசு கம்பெனிக்கு வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். வரிசையில் மூன்றாவது ஆள் நீ.

வரிசையைக் கண்டால் என் வாய் சும்மா இருக்குமா? "மதினிமாரே, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமயா நிக்கீக? முதலை ஒண்ணு வச்சிருக்காக. வாயில டார்ச்சக் கவ்விக்கிட்டு அதுதான் சோதிக்கும். ஊசி ஒவ்வொண்ணும் இங்கனருந்து காரியாபட்டி நீளம். கடைசியா வினிகரத் தடவி ஊறப்போட்டுருவாக!"

எல்லோரிலும் அதிகம் சிரித்தது நீதான். "போலே கிறுக்கா! வினிகரா? நாங்க என்ன ஊறுகாயா?"

சிரித்த வாயோடு ஒருத்தி வரிசையிலிருந்து விலகினாள். பிறகு இன்னொருத்தி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நீயும் நடந்தாய். "வலிக்காதுக்கா, ரெண்டு நிமிஷந்தான்" என்று நர்ஸ் பின்னாலேயே வந்தார். "சீசன் முடியட்டும் சிஸ்டர்" என்றாய். மரத்தடியில் காலி பெஞ்சு மட்டும் மிச்சம். திக்விஜயம் முடித்த சக்கரவர்த்தி மாதிரி நான் நின்றேன்.

இரண்டு தீபாவளி கழித்து, மாதவிலக்கு நின்றுபோயிருந்த உனக்கு மறுபடி உதிரம் பட்டது. பட்டாசு மருந்தில் கை வைக்கிற பெண்கள் உடம்புக்கு எது வந்தாலும் அதன் சூட்டைத்தான் சொல்வார்கள். நீயும் சொன்னாய்: "மருந்துச் சூடுலே, வேறொண்ணுமில்ல." மோர் குடித்தாய். இடுப்பு வலித்தது. அதற்கும் மோர். நானும் தலையாட்டினேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "ஏலே, முதலையக் காணமே?" அப்போதும் சிரித்தாய், அக்கா. அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை.

இன்று காலை உன் மகள் வர மறுத்தாள். "எனக்கென்ன மாமா, நல்லாத்தான இருக்கேன்?" அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலையை, காலி பெஞ்சை, மோரை. அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ரெண்டு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. இப்போதுதான் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "வெள்ளையா ஒரு இடம் தெரியுதுண்ணே. சின்னதுதான். டாக்டரம்மா பாத்துட்டுச் சொல்லுவாக, இருங்க." திரை மறுபடி மூடிக்கொண்டது. வினிகர் தடவினால் கோளாறான இடம் வெளுத்துக் காட்டிவிடுமாம். சோதனை அவ்வளவேதான்.

அன்று நான் அவிழ்த்துவிட்டதில் முதலை பொய். ஊசி பொய். வினிகர் மட்டும் நிஜம், அக்கா. கதை அளக்குமுன், முகாம் மேஜை மேலிருந்த பாட்டிலைக் காட்டி, நர்ஸிடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த ஒன்றைத்தான் நீ நம்பவில்லை.