மேலே ஏறிப் பார்க்காத கோடை

அக்கா,

இன்று காலை வெயில் ஏறுவதற்கு முன்பு காரைக்கால் தலத்தெரு வீட்டு மாடியில் சோலார் பேனல்களைக் கழுவினேன். காய்ந்திருந்த கண்ணாடியில் முதல் குவளைத் தண்ணீர் விழுந்ததும் புழுதி நனையும் வாசனை எழுந்தது. மழை வாசனை என்பார்கள். எனக்கு அது உன் வயல் வாசனை.

அத்தான் போன பிறகு கோட்டுச்சேரிப் பக்கத்து நிலத்தை நீ ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டாய். சோலார் மோட்டார் வந்தபோது, கரண்டுக்காகக் காத்துக் கிடக்கும் பாடு ஒழிந்தது என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாய். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் இடம் என்பதால் பேனல்களை உயரமான இரும்புக் கால்களில் பொருத்தியிருந்தார்கள். கீழே நின்று பார்த்தால் அவற்றின் அடிப்பக்கம் மட்டுமே தெரியும். மேலே ஏற வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

அந்தக் கோடையில் வயலை ஒட்டிய சாலையை அகலப்படுத்தினார்கள். ஜல்லி லாரிகள் ஓயாமல் போய்வந்தன. கடல் பக்கத்து உப்புப் பனி ராத்திரியில் புழுதியை நனைக்கும். பகல் வெயில் அதைக் காயவைத்து ஒட்டிவிடும். குறுவை நெல்லுக்கு விட்ட நாற்றங்காலே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. நீ குடத்தில் தண்ணீர் எடுத்து நாற்றின் மேல் தெளித்து இலைகளைக் கழுவினாய். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே இருந்த பேனல்களில் என்ன படிந்திருக்கும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

குழாயில் வந்த தண்ணீர் மெலியத் தொடங்கியது. உச்சி வெயிலில் மட்டும் கொஞ்சம் வரும், சாயங்காலத்துக்கு முன்பே நின்றுவிடும். மெக்கானிக் மோட்டாரையும் ஒயரையும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, ஊற்றுதான் இறங்கியிருக்கும் என்றார். பக்கத்து போர்வெல்களிலும் தண்ணீர் குறைந்திருந்ததால் நாம் நம்பினோம். கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டதோ என்ற பயத்தில் நீ தினமும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாய். உப்பு இல்லை. ஆனாலும் நாற்று கருகியது. மறுபடி விதைத்தாய், அதுவும் கருகியது.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வயல் முருகையனுக்கு நிலத்தை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டாய். அவர் மழையை நம்பிச் சம்பா மட்டும் போடுவதாகச் சொன்னார். நீ இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

வந்து சில நாட்களில் முருகையன் போன் செய்தார். பேனலில் காக்கை கூடு கட்டுகிறது என்று ஏணி வைத்து ஏறியிருக்கிறார். கண்ணாடியே தெரியாத அளவுக்கு மண் பொருக்கு. உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒவ்வொரு பேனலாக ஈரச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் கழுவக் கழுவ, குழாயில் விழுந்த தண்ணீர் நம் கண் முன்னாலேயே பருத்தது.

நீ குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தாய்.

"தண்ணி எங்கயும் போவல தம்பி. வெயிலுதான் உள்ள எறங்கல" என்றாய்.

முருகையன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. "இந்தச் சம்பா அறுத்ததும் நெலத்த நீங்களே வச்சுக்குங்கக்கா. எனக்கு மனசு கேக்கல" என்றார்.

"நீ புழுதியில உழுது விதைய விட்டுட்ட. மூணு வருசம்னு பேசினது பேசினதுதான். அதுக்கப்புறம் நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாய். தலத்தெருவுக்குள் திரும்பும்போது, "மூணு வருசம் என்ன, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றாய்.

இரண்டாவது வருடத் தை அறுவடைக்கு முன்பே நீ போய்விட்டாய். காலையில் காபி கேட்டாய்; கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

குத்தகை முடிந்து, போன மாதம் முருகையன் நிலத்தை என்னிடம் ஒப்படைத்தார். விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், முடியவில்லை. இந்தக் குறுவையை நானே போடப்போகிறேன். எப்போது சேறடிப்பது, எந்த மூலையில் தண்ணீர் நிற்காது என்று எதுவுமே எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் முருகையனிடம் கேட்டுக்கொள்கிறேன். அங்கே சம்பா மட்டுமே போட்ட அவரும் பல கேள்விகளுக்கு, "அத அக்காதான் சொல்லணும்" என்று நிறுத்திக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் நீ இருந்த நாட்களில் வயல் பேச்சை எடுத்தால் உனக்கு வலிக்கும் என்று நாங்கள் யாரும் எடுக்கவில்லை. டிவி போட்டுவிட்டோம், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நீ பேசாமல் உட்கார்ந்திருந்தாய். இப்போது என்னிடம் இவ்வளவு கேள்விகள் இருக்கின்றன அக்கா. அன்றைக்கே ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால், சாயங்காலம் முழுக்க நீ பேசிக்கொண்டிருந்திருப்பாய்.