பொன்னாடை போட்டால் விலகியதாகுமா?

அக். 6, திங்கள்
வானம் மூடிக்கொண்டு ஒரே புழுக்கம். முதல் ஷிஃப்ட். ஒரகடம் சிக்னலில் கம்பெனி பஸ் இருபது நிமிடம்.

சாயங்காலம் தேவசகாயம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எங்கள் சர்ச் சபையில் மூத்தவர், பெண்கள் விடுதி நடத்தும் எங்கள் டிரஸ்டுக்குத் தலைவர். 'எங்கள்' என்று எழுதுவதே தப்பு. இரண்டு வருடம் முன்பு அறுப்பின் பண்டிகையன்று நான் டிரஸ்டி பதவியிலிருந்து விலகியாயிற்று. பி.பி. ஏறுகிறது, பொறுப்பு வேண்டாம் என்றேன். ஜெபம், பொன்னாடை, குரூப் போட்டோ, பிரியாணி. விட்டது தொல்லை என்று இருந்தேன்.

இன்று கையில் பத்திரம்.
"ஒண்ணுமில்லப்பா, ஒரு கையெழுத்து. அன்னிக்கே நீ வெலகிட்டதா எழுதிக்கீது."
"அதான் எல்லார் எதிர்லயும் வெலகிட்டேனேண்ணே. இப்போ இன்னாத்துக்கு?"
"சும்மா ஃபார்மாலிட்டி."
என் இடத்தில் அவர் மருமகன் பெயர். படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அண்ணன் முகம் மாறிவிட்டது.

அக். 8, புதன்
தூறல். பெர்மிஷன் போட்டு ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் அம்மா. டிரஸ்ட் பத்திர நகலைப் பக்கம் பக்கமாகப் படித்தார். விலகுவதென்றால் எழுத்தில் தர வேண்டும். மற்ற இருவரும், அதாவது அண்ணனும் அவர் தம்பியும், எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மாற்று ஆள் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றுமே செய்யவில்லை.
"சார், பொன்னாடை எந்த ஷரத்துலயும் இல்ல. நீங்க இன்னும் டிரஸ்டிதான்."
இரண்டு வருடமாக அங்கே ஏதாவது ஆகியிருந்தால் என் தலையும் சேர்ந்து உருண்டிருக்குமே!
"முன்தேதி போட்ட பேப்பர்ல கையெழுத்து போட்றாதீங்க. விடுதி இடத்தை விக்கணும்னா மூணு பேரும் கையெழுத்து போடணும். அதுக்குத்தான் உங்களைக் கழட்டி விடுறாரோ என்னவோ."

அக். 10, வெள்ளி
ஷிஃப்ட் முடிந்து விடுதி. வாசலில் யாரோ டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். குடோன் வரப்போகிறதாம். அப்படியா சங்கதி.
இருபத்திரண்டு பெண்கள், எல்லாரும் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்பவர்கள். திருநெல்வேலிப் பெண் முத்துலட்சுமி கேட்டாள்.
"சார், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு சொல்லுதாவ. நெசமா? வெளிய பொம்பளப் பிள்ளையளுக்கு ரூம் தரமாட்டேங்காவ."
"எனக்குத் தெரியாதும்மா, நான் வெலகிட்டேன்."
பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். வெட்கக்கேடு.

அக். 11, சனி
தூக்கமில்லை. பி.பி. 160/100. கையெழுத்துப் போட்டால் அண்ணன் கோபம் இல்லை, சபையில் பேச்சு இல்லை, பொறுப்பும் இல்லை. மனைவி ஜெயாவிடம் கேட்டேன். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். பெரிய உதவி!

அக். 12, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் பைக் நிறுத்துமிடத்தில் அண்ணன் பிடித்துக்கொண்டார். பேனா மூடியைக்கூட அவரே திறந்து நீட்டினார்.
"அண்ணே, நான் இன்னும் வெலகலண்ணே."
"இன்னா பேசற நீ? கோர்ட்டு படி ஏறுவியா?"
"ஏறுறேண்ணே."
குரல் எனக்கே கேட்கவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கையில் கைதவறிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

நேராக விடுதி. முத்துலட்சுமியிடம் சொன்னேன்: இப்போதைக்கு யாரும் காலி செய்ய வேண்டாம், நானும் ஒரு டிரஸ்டி, என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. உள்ளே ஓடினாள். இரண்டே நிமிடத்தில் இன்னொரு பெண் காலி பக்கெட்டுடன் வந்து நின்றாள்.
"சார், மோட்டார் ரெண்டு நாளா ஓடல. அப்போ இனிமே உங்ககிட்டதான சொல்லணும்?"