வலப்பக்கம் இழுத்த டிராக்டர்

நன்னிலம், 4-9-1973

மிராசுதார் வைத்தியலிங்கம் ஐயாவின் டிராக்டர் வாய்க்காலில் இறங்கிவிட்டது. இழுத்து வந்து என் பட்டறையில் விட்டார்கள். டிரைவர் இராஜாங்கத்துக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். "ஸ்டியரிங் வலப்பக்கமா இழுத்துச்சு பாய்" என்கிறார். நடவுக் கூலித் தகராறு நடக்கிற நேரம். அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். ஐயா நம்புவாரா?

குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற டை ராடு கம்பியின் நட்டில் காட்டர் பின் இல்லை. நட்டு கழலாமல் இருக்கப் போடுகிற ஊசி அது. வாய் சும்மா இருந்ததா? "யாரோ எடுத்த மாதிரி இருக்குங்க" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

5-9

இராஜாங்கத்தை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறார்களாம். வேண்டுமென்றே இறக்கினார் என்று ஐயா புகார். சாட்சி நான் சொன்ன வார்த்தை. யா அல்லா, என்ன வேலை பண்ணித் தொலைச்சேன்.

6-9

அந்த நட்டை மறுபடி பார்த்தேன். துரு ஏறி இறுகியிருக்கிறது; ஸ்பானரில் குழாய் மாட்டி ஏறி நின்றால்தான் அசைகிறது. அந்த ஊசி போய் வருஷக்கணக்காகியிருக்கும். முன்சக்கரத்திலும் ஆட்டம் இல்லை. அப்புறம் எதுதான் இழுத்தது? சாப்பிடும்போதும் இதே யோசனை. என் மனைவி ரசியா இரண்டாவது தடவை சோறு போட்டதே தெரியவில்லை.

7-9

திருவாரூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கையை லேசாக வைத்தாலும் நேராகத்தான் போகிறது. ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன் — வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. ஸ்டியரிங் இல்லை. பிரேக்.

பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக், தனி பெடல்; ரோட்டில் இரண்டையும் சேர்த்து மிதிக்கணும். இடது பிரேக் டிரம்மைத் திறந்தால், சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங் பட்டை தேய்ந்து ரிவெட் தலை தெரிகிறது. வலது புதுசு மாதிரி. அது மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம்தானே போகும். ஆனால் ஏன் ஒன்று மட்டும் தேயணும்?

8-9

ஸ்டேஷனுக்குப் போய் இராஜாங்கத்திடமே கேட்டேன், வயலில் எந்தப் பக்கம் திருப்புவீங்க என்று.

"இடப்பக்கந்தான் பாய். ஏர்மாடு இடப்பக்கந்தானே திரும்பும்? டிராக்டரும் அப்படியே திரும்பணும்னு ஐயா சொல்லிட்டாரு. மூணு வருசமா இடது பிரேக்கை மிதிச்சுத்தான் திருப்புறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கம்பிக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

9-9

தேய்ந்த லைனிங்கை ஐயாவிடம் காட்டி, வண்டியை இழுத்தது இதுதான் என்று சொன்னேன்.

"பின்னை எடுத்துட்டாங்கன்னது நீதானே பாய்?"

"நாந்தாங்க. தப்பு என் மேல. ஸ்டேஷன்லயும் எழுதிக் கொடுத்துடறேன்."

லைனிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அது ஏன் தேய்ந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

14-9

புது லைனிங் போட்டாயிற்று. வண்டியை எடுக்க இராஜாங்கமே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்கார்ந்து டிரம்மைப் பார்த்தார்.

"மறுபடி தேயாம இருக்க என்ன பண்ணணும் பாய்?"

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் திருப்பணும்."

"அதை ஐயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா சங்கம் சொல்லிக் கொடுத்துச்சும்பாரு."

வண்டியைக் கிளப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.