அரை நிமிடம் முன்னால்

மார்ச் 4, செவ்வாய். இரவு 8.52. இந்த இடைவேளையில் இதுவரை பதினேழு விளம்பரம்.

பதினேழில் ஆறு ஒரே சோப்பு. மீதி நேரத்தில் மாமியார் முகத்தை மூன்று கோணத்தில் காட்டி ஓட்டிவிடுகிறார்கள். எழுத்து மட்டம், ஒளிப்பதிவு அதைவிட மட்டம். இருந்தும் பார்க்கிறேன், அப்பா பார்க்கிறார் என்பதால். அவர் ஊரில் தனியாக, நான் இங்கே மூன்றாவது மாடி அறையில். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒரே சமயத்தில் பார்க்கிறோம். அம்மா இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவில் அவள்தான் மொழிபெயர்ப்பாளர். இப்போது இந்த சீரியல்.

அவருக்கு டிஷ்ஷில் வருகிறது, எனக்கு ஆப்பில். ஆப் அரை நிமிடம் தாமதம். காரணத்தை விளக்கினேன். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? உனக்கு நடக்கப்போறது எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து ஏதாவது வெடிக்கப்போகிறதென்றால் எனக்காக ஒரு இருமல் இருமுவார். இன்றும் இருமினார். மூத்த மருமகளின் குட்டு உடைந்தது.

மார்ச் 7, வெள்ளி

கீழே அறிவிப்பு ஓடுகிறது. திங்கள் முதல் எங்கள் சீரியல் மாலை ஆறரைக்காம். எட்டரைக்குப் புது நடனப் போட்டி. எந்த மேதாவியின் யோசனை? ஆறரைக்கு வேலைக்குப் போகிறவன் எவன் வீட்டில் இருப்பான்? நான் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு நிற்பேன். நன்றாக ஓடுகிற மெஷினைக் கழற்றிப் போடுகிறவனை எங்கள் கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சானலில் பதவி உயர்வு கொடுப்பார்கள் போல.

அப்பாவிடம், "நீங்க பாட்டுக்கு ஆறரைக்குப் பாத்துடுங்க, நான் அப்புறமா பாத்துக்கறேன்" என்றேன்.

"சரிப்பா" என்றார்.

அவ்வளவுதான். நேரம் மாறியது, ஏற்பாடும் மாறியது.

மார்ச் 10, திங்கள்

நடனப் போட்டி பார்த்தேன். குப்பை. நடுவர் மூன்று பேரும் முறை வைத்து அழுகிறார்கள். ஆடினவன் மட்டும் அழவில்லை. சானலுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மார்ச் 11

அப்பா கூப்பிடவில்லை. நான் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். அப்புறம்?

மார்ச் 13, வியாழன்

ஆப்பில் நம் சீரியலைப் போட்டு ஐந்து நிமிடத்தில் அணைத்தேன். வில்லி திடுதிப்பென்று கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். யாரும் இருமவில்லை.

வேலையிடத்தில் சூப்பர்வைசர், "ஏம்ப்பா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்றார். வாய் சும்மா இருந்ததா? "சீரியலை ஆறரைக்கு மாத்திட்டாங்க சார்." டீ நேரத்துக்குள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இப்போது என் பெயர் ஆறரை.

மார்ச் 17, திங்கள்

சானலின் பதில்: தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் புதிய நடனப் போட்டியைக் கண்டு மகிழுங்கள்.

கண்டுகொண்டுதான் இருக்கிறேன். தினமும். அணைத்தால் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். கம்ப்ரசர் போகப்போகிறது, அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, சொல்ல ஆள் வேண்டாமா?

மார்ச் 20, வியாழன்

அக்கா கூப்பிட்டாள். அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

"டேய், அப்பாகிட்ட என்னடா சொல்லித் தொலைச்ச?"

"ஒண்ணும் சொல்லலயே."

"ஆறரைக்கு டிவியையே போடறதில்ல. கேட்டா, 'நான் முன்னாடியே பாத்துட்டா அவன் பாக்கறப்ப யாரு இருமறது'ங்கறார். எனக்கு ஒரு எழவும் புரியல. எட்டரைக்கு அந்த டான்ஸப் போட்டுட்டு உக்காந்திருக்கார், போன் மடியில. சத்தத்தையும் குறைச்சாச்சு. மணியடிச்சா கேக்கணுமாம்."

"அவரே கூப்பிட வேண்டியதுதானே?"

"நீதான் அப்புறமா பாத்துக்கறேன்னியாம். பையனுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணக்கூடாதாம். அப்பனும் புள்ளையும் ஒரே அச்சு. போய் எதுலயாவது முட்டிக்கங்க."

வைத்துவிட்டாள்.

நான் நேரத்தைத்தானே சொன்னேன். அவர் போனையும் சேர்த்துத் தள்ளிப்போட்டதாக — சே. இத்தனை நாளும் அதே கண்றாவியை அவர் அங்கே, நான் இங்கே.

மார்ச் 21, வெள்ளி

எட்டரைக்கு முன்பே கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"என்னப்பா, டான்ஸ் பாக்கறீங்களா?"

"கொடுமைடா. நடுவுல உக்காந்திருக்காளே ஒருத்தி, மூடாத குழாய் மாதிரி."

"ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். ஒரு பையன் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தான். அங்கே அப்பா இருமினார். நான் காத்திருந்தேன். கேமரா மெதுவாகத் திரும்பியது, குழாய் திறந்துகொண்டது. சிரித்துவிட்டேன்.

"இப்பதான் வந்துச்சா உனக்கு?" என்றார்.

இனி:

1. சானலுக்கு மின்னஞ்சல் எழுதுவதில்லை.

2. நடனப் போட்டியை இறுதிச் சுற்றுவரை பார்ப்பது. குப்பை என்ற கருத்தில் மாற்றமில்லை.

3. அப்பா டிவியிலும் ஆப் போட்டுக் கொடுத்தால் அரை நிமிட வித்தியாசம் போய்விடும். முறைப்படி அதுதான் சரி. செய்யப்போவதில்லை.

4. அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு கேட்பது. ஊரில் ஒரே டிவி, ஒரே சோபா. அங்கே அவர் எப்போது இருமுகிறார் என்று பார்க்க வேண்டும்.