முடக்கப்பட்ட என் எண்ணிலிருந்து மனைவியிடம் பேச வழிவிடக் கோருதல்

அனுப்புநர்:
‘செல் டாக்டர்’ கடை உரிமையாளர்,
தற்சமயம்: கைப்பேசிப் பணிமனைத் தொழிலாளர் விடுதி,
வெளிநாடு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கைப்பேசிச் சேவை நிறுவனம்,
எங்கள் ஊர்க் கிளை.

பொருள்: தொல்லை அழைப்பாளர் என முடக்கப்பட்ட என் எண்ணை மீண்டும் இயக்கித் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஊரில் கைப்பேசி பழுதுபார்த்து, கேட்காதவர்களுக்கும் ஆலோசனை வழங்கி வருகிறேன். வெளிநாடு செல்பவர்கள் என் கடைக்கு வந்து, எண்களுக்கு முன்னால் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துக்கொண்டு போவது வழக்கம். நான் புறப்பட்டபோது எனக்கு அது தோன்றவில்லை.

2. ஒப்பந்த வேலைக்கு இங்கு வந்திறங்கியதும் என் ஊர் எண்ணிலிருந்தே, குறியீடு எதுவும் சேர்க்காமல், மனைவியின் எண்ணை அழைத்தேன். ஓர் ஆண் எடுத்து, புரியாத மொழியில் பேசினார். இவனுக்கு என் வீட்டில் என்ன வேலை என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதே எண் இந்த நாட்டிலும் ஒருவருக்கு இருக்கலாம் என்பது ‘செல் டாக்டர்’ மண்டைக்கு எட்டவில்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி நாள் முழுவதும் விடாமல் அழைத்து அதட்டினேன். அந்தப் புண்ணியவான் புகார் கொடுத்துவிட்டார். தாங்கள் எண்ணை முடக்கியது முழுக்க நியாயம். ஆகவே இதை என்மீது நானே கொடுக்கும் புகாராகவும் ஏற்றுக்கொள்ளலாம்.

3. இதற்கிடையில் மனைவியின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்து, வியாழக்கிழமைக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். என்னிடம் பேசாமல் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

4. வேறு போனில் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். பேசினேன். என் தம்பி மருத்துவமனைக்கே போய்த் தன் போனை அவள் காதில் வைத்தான். ஆனால் கிளம்பும் முன் நான் அவளுக்கு வகுப்பே எடுத்திருந்தேன்: இப்போதெல்லாம் குரலைக்கூடப் போலியாகச் செய்து ஏமாற்றுகிறார்கள், என் எண்ணிலிருந்து வந்தால் ஒழிய நானே பேசினாலும் நம்பாதே என்று. அவள் தம்பியிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: “குரல் அவரோடதுதான். ஆனா குரலை நம்பாதேன்னு சொன்னதும் அவர்தானே. அவர் நம்பர்ல இருந்து வரட்டும், கையெழுத்துப் போடுறேன்.” வீடியோவில் முகத்தைக் காட்டினேன். முகத்துக்கும் அதே பாடம் நடத்தியிருந்தேனாம்.

5. அவள் பயந்துபோயிருக்கிறாள், ஐயா. பயம் வந்தால்தான் இப்படி அடம்பிடிப்பாள். எனக்கும் பயம்தான். பணிமனையில் இன்று இரண்டு போன்களைக் கழற்றி, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பூட்டிவிட்டேன்.

6. இப்போது எல்லா எண்களையும் சரியாகப் பதிந்துவிட்டேன். அந்த அந்நியரை மன்னிப்புக் கேட்பதற்காகக்கூட அழைக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன். வியாழக்கிழமைக்குள் ஒரே ஓர் அழைப்புக்காவது என் எண்ணைத் திறந்துவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவள், உயிர் போகிற நேரத்தில் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

தங்கள் கருணையை எதிர்நோக்கி, போனைக் கையில் வைத்தபடி,

இடம்: விடுதிச் சமையலறை மேசை
நாள்: திங்கட்கிழமை

(ஒப்பம்)
‘செல் டாக்டர்’
(பெயர்ப்பலகையில் உள்ளபடி)