ரேடியேட்டர் முன்னால் கட்டிய சாக்கு

நோர்வூட்,
மார்கழி.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன் என்று கோவிச்சுக்காதே, அப்பா அசந்து தூங்கின பிறகுதான் எனக்குப் பேனாவைத் தொட முடிந்தது. இங்கே நாங்கள் பனியிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே யாழ்ப்பாணத்து வெயிலில் கருத்துப் போனாலும் பரவாயில்லை, வயிறாரச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்குப் போதும். போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போன் எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், மெசேஜ் வந்தாலும் மகள்தானே என்று அவர்தான் முதலில் திறந்து படிக்கிறார். அதனால்தான் பள்ளிக்கூடத்துக் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன், நாளைக்குப் பாடம் நடத்தி முடித்து வரும்போது தபாலில் போட்டுவிடுவேன்.

தை பிறந்ததும் வாங்க, வீட்டையும் பார்த்து, கல்யாணத்தையும் பேசி ஒரு முடிவு எடுத்துக்கொள்வோம் என்று தேனுஜனோட அப்பா பரமலிங்கம் ஐயா கூப்பிட்டாரே, அன்றைக்கே நம்ம கெப் வண்டியைச் செல்லசாமி அண்ணனின் கராஜில் கொண்டுபோய் விட்டுவிட்டார் உங்க அப்பா. யாழ்ப்பாணம் வரைக்கும் அதில்தான் போறோமாம். தேயிலைத் தோட்டத்தில் ஏலம் விட்டபோது வாங்கின வண்டி, உன்னைவிட வயசு கூடின ஃபோர் வீல், ஹட்டன் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போய் வருவதே பெரிய விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் என்னடா என்றால் பிரேக் முழுவதும் புதுசு, கிளட்ச் தட்டு புதுசு, ஹேண்ட் பிரேக் வயர் புதுசு, ஃபோர் வீல் பெட்டியைக் கழற்றி எண்ணெய் மாற்றி, மழை பெய்தால் என்று மேலே புதுப் படங்கு, ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டை. நானுஓயா ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தாச்சு, பொல்பிட்டிய பக்கம் இறக்கிப் பார்த்தாச்சு. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கேங்க இருக்கு, பந்தை வைத்தால்கூட உருளாதாமே என்று கேட்டேன். ஏத்தம் இல்லாட்டி அப்புறம் என்ன பயம், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம் என்கிறார். அதுக்குச் செல்லசாமி அண்ணன், மூடிறாதீங்க மச்சான், வளைவு வந்தாத்தானே உங்களுக்கு முழிப்பு வரும், அங்க அதுவும் கிடையாதுன்னு சொல்லிச் சிரிக்கிறார். இரண்டு பேருமே தம்புள்ளையைத் தாண்டி வண்டி ஓட்டினது கிடையாது.

இதில் சண்முகவடிவு அத்தை வேறு. நாங்கள் இரண்டு பேர் போவதாகத்தான் முதலில் பேச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டே பேரா போய் நின்னா ஆளு பேரு இல்லாத பொண்ணுன்னு நெனைக்க மாட்டாங்களா தம்பின்னு ஒரு வார்த்தை போட்டார், அவ்வளவுதான், இப்போது பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு அடித்தாகிவிட்டது. யார் யார் ஏறப்போகிறார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஹட்டனுக்குப் போவதற்கே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவர் அத்தை, கேட்டால் அங்க வளைவு இல்லையாமே, எனக்கு ஒன்னும் செய்யாதுங்கிறார். லீக்ஸ், கேரட், தேயிலைத்தூள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டிக் கதவில் தோட்டத்துப் பேரும் டிவிஷன் நம்பரும் மங்கலாகத் தெரியுமே, பெயின்ட் வாங்கிவந்தபோது அதை அழிக்கத்தான் போகிறார் என்று இருந்தேன். மஞ்சளில் எடுப்பாகத் திரும்ப எழுத வைத்துவிட்டார். நாம எந்த ஊரு, என்ன ஆளுன்னு வாசல்லயே தெரியட்டும், உள்ள போய் ஒன்னொன்னா சொல்லிக்கிட்டு இருக்கத் தேவையில்ல என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், அந்த வண்டியில வராதீங்கப்பா, கண்டியில ஏசி பஸ் ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுக்குத் தேனுஜன் கார் கொண்டு வருவார் என்று சொன்னாய். அப்பா அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா, பாப்பாவுக்கு வண்டி வழியில நின்னுடும்னு பயம் என்று எடுத்துக்கொண்டார். உடனே எழுந்து கராஜுக்குப் போய்ப் பின் டயர் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். நீ வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வண்டியில் ஒரு புதுச் சாமான் ஏறுகிறது. எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. உன் கூடப் படித்த பிள்ளை ஒருத்தி வந்தபோது, ஆன்டி நீங்க ஹட்டன் டவுன்லன்னு நெனச்சேனேன்னு நம்ம லயத்து வரிசை வீடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீதான் அவளிடம் அப்படிச் சொல்லிவைத்திருந்தாயோ என்று இப்போதுதான் அது திரும்பத் திரும்ப வருகிறது. பரமலிங்கம் ஐயா வீட்டு கேட்டுக்கு முன்னால் படங்கு போட்ட அந்த வண்டி வந்து நிற்கிறது, பின்னாலிருந்து அத்தை எலுமிச்சம்பழத்தோடு இறங்குகிறார், அக்கம்பக்கத்தார் கதவில் இருக்கிற மஞ்சள் எழுத்தைப் படிக்கிறார்கள், இது வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த இடத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்பதுதான் தெரியவில்லை.

சரி, வெட்கப்படுகிறாள் என்று முடிவு கட்டிவிடலாம் என்றால் அதற்கும் நீ விடவில்லை. அப்பா எழுந்து போன பிறகு போனை வைக்கப் போகும்போது, அம்மா முன்னாடி கட்டியிருக்கிற சாக்கை மட்டும் மறக்காம அவுக்கச் சொல்லுங்க, வவுனியா வெயில்ல என்ஜின் கொதிச்சிடும் என்றாய். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் கராஜில் போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. விடியக்காலையில் என்ஜின் சூடேற மாட்டேன் என்கிறது என்று ரேடியேட்டர் முன்னால் கட்டினது, பள்ளிக்கூடம் போகிற காலத்தில் விறைத்த விரலோடு நீதானே முடிச்சுப் போடுவாய். அது அங்கேயே கிடந்து வண்டியோடு வண்டியாகிவிட்டது. மலைக்குத் தேவையானது அத்தனையும் பார்த்த அந்த இரண்டு பேர் கண்ணிலும் அது படவே இல்லை. வர வேண்டாம் என்கிறவளுக்கு அந்தச் சாக்கு எதற்கு ஞாபகம் வர வேண்டும்? எப்படியும் அப்பா கேட்கப்போவதில்லை, வழியில் ஆபத்து வராமலாவது இருக்கட்டும் என்று சொன்னாயா, இல்லை வர வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசையாக இருந்து சொன்னாயா? ஒரு நேரம் அப்படித் தோன்றுகிறது, ஒரு நேரம் இப்படித் தோன்றுகிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பந்தியைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்கிற எனக்கு, பெற்ற மகள் சொன்ன இரண்டு வசனத்துக்குக் கருத்துத் தெரியவில்லை பார். அப்பாவிடம் இன்னும் சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் பாப்பா வரச் சொல்லிட்டா என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

எது என்றாலும் எனக்கு எழுது மகள். பஸ்ஸில் வருவதுதான் சரி என்றால் முதுகுவலி, பெஞ்சில் உட்கார முடியாது என்று நான் ஒரே பிடியாக நின்று அப்பாவை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், காரணம் அவருக்குத் தெரியவே வேண்டாம். வெட்கமாக இருந்தாலும் அதையே எழுது, அங்கே வாழப்போகிறவள் நீ, கோபப்பட மாட்டேன். ஆனால் ஒன்றும் தெரியாமல் என்னை வரவைக்காதே. அந்த வண்டியிலிருந்து இறங்கும்போது முதல் வேலையாக உன் முகத்தைப் பார்த்து நான் அதைத் தெரிந்துகொள்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

இராத்திரியில் தலைக்குக் குளிக்காதே, கிணற்றுத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காய்ச்சிக் குடி, நீ தங்கியிருக்கிற வீட்டுப் பூரணம் அம்மா எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாமல் கொஞ்சமாவது சாப்பிடு. முருகன் உன் கூடவே இருந்து நல்ல வழி காட்டட்டும், எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. கடிதத்தை வீட்டுக்குப் போடாமல் என் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு, மறந்துவிடாதே. சாக்கு இன்னும் வண்டியில்தான் கட்டியிருக்கிறது. வண்டியிலேயே வாங்க என்று நீ எழுதினால் நானே போய் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
நாகலெட்சுமி